படித்து முடிப்பதற்குள்

சித்தியின் வண்ணமீன் கடைக்கு ஒரு வலைப்பூ இருந்தது. அதை எழுதுபவள் மைக்ரோ. நுண்ணுயிரியல் படித்தவள், குரலும் நுண்ணியது. இரண்டையும் சேர்த்து வீட்டில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

கடையில் அவளுடைய இடம் தொட்டி வரிசைக்குப் பின்னால். அங்கே ஒரு முக்காலி, தண்ணீரைச் சோதிக்கும் குப்பிகள், ஒரு மடிக்கணினி. கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடி வழியாக அவள் முகத்தில் பாதி தெரியும், கூடவே நாலைந்து மீன்களும் தெரியும். எல்லோரும் மீனைத்தான் பார்ப்பார்கள். அவளுக்கு அது வசதியாக இருந்தது.

கட்டுரைகளைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒவ்வொன்றும் கல்லூரி ஆய்வக ரெக்கார்டு போல இருக்கும். முதலில் நோக்கம். பிறகு தத்துவம். தேவையான பொருட்கள், செய்முறை. முடிவு கடைசியில்தான் வரும். இந்த வரிசை மாறினால் ரெக்கார்டை முகத்துக்கு நேரே நீட்டித் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியை ஒருவர் இருந்தார். மைக்ரோவின் ரெக்கார்டு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு காலையில் சித்தி வளையம் போல ஒரு விளக்கை வாங்கிவந்து மேசைமேல் நிறுத்தினாள்.

"என்ன சித்தி இது?"

"வீடியோ லைட்டு. மூஞ்சில அடிச்சா பளிச்சுனு இருக்குமாம்."

"யாரு மூஞ்சில?"

"இந்தக் கடையில இருக்கிறது என் மூஞ்சி, உன் மூஞ்சி, மீன் மூஞ்சி. என் மூஞ்சிக்கு இந்த லைட்டு பத்தாது. மீன் பேசாது."

"நான்தான் எழுதுறேனே சித்தி."

"எழுதுற. யாரு படிக்கிறா? ஒரே ஒரு ஆள் கடைக்குள்ள வந்து, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வந்தேன்னு சொல்லட்டும், வீடியோ பேச்சையே விட்டுடறேன். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா ஒண்ணாந்தேதி நீ இது முன்னாடி நிக்கிற. சிரிச்ச முகமா, வணக்கம் நண்பர்களேங்கிற."

வணக்கம் நண்பர்களே. வாய்மொழித் தேர்வில், பதிலை எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டவள் அவள்.

அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்து தன் வாழ்நாளின் மிக நீளமான கட்டுரையை எழுதினாள். 'மீன் தொட்டியில் நைட்ரஜன் சுழற்சி: ஓர் அறிமுகம்.' அம்புக்குறி போட்டுப் படம் வரைந்தாள். மீன் கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியாவை முதலில் பிரித்தெடுத்தவரின் வரலாற்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்தாள். இதைப் படித்தபிறகும் ஒருவர் வராமல் போவாரா என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தார். அடுத்த தெருவில் சலூன் வைத்திருப்பவர். காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக இங்கேதான் ஒரு தொட்டியும் இரண்டு மீன்களும் வாங்கியிருந்தார். சட்டைப் பையில் சீப்பு செருகியபடியே ஓடி வந்திருந்தார். கையில் ஷேவிங் கிண்ணம்.

"இங்க ப்ளாக் எழுதுறது யாரு?"

சித்தியின் முகம் மலர்ந்தது. "ஏண்ணே, படிச்சீங்களா?"

"படிச்சுட்டுத்தான் வரேன்."

தொட்டிக்குப் பின்னால் மைக்ரோவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. தப்பித்தோம்!

சலூன்காரர் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு ஆரஞ்சு நிற மீன் ஒருக்களித்துக் கிடந்தது.

"படிச்சு முடிக்கிறதுக்குள்ள செத்துப்போச்சு."

சித்தி மீனைப் பார்த்தாள், பிறகு தொட்டி வரிசையைப் பார்த்தாள்.

"காலைல ஷட்டரைத் தூக்கினா, ரெண்டும் மேல வந்து வாயை வாயைத் திறக்குது," என்றார் சலூன்காரர். "போனை எடுத்துத் தேடினேன். உங்க கடைப் பேரு வந்துச்சு. அட, நம்ம ஆளுங்களாச்சேன்னு திறந்தேன். நாற்காலில ஒருத்தர் மூஞ்சி பூரா சோப்போட உக்காந்திருக்காரு. அவரும் எட்டிப் பார்க்கிறாரு. மொதல்ல நோக்கம்னு இருந்துச்சு. சரின்னு படிச்சோம். அடுத்தது தத்துவம். இங்க உசுரு போகுது, எனக்குத் தத்துவம் எதுக்கும்மா? தள்ளுறேன், தள்ளுறேன், பாக்டீரியா வருது. அதைக் கண்டுபிடிச்சவர் வர்றாரு. அவரு எங்க படிச்சாருன்னு வருது. சோப்பு மூஞ்சிக்காரர், இன்னும் கீழ போங்க, இன்னும் கீழ போங்கங்கிறாரு. நான் கீழ போறதுக்குள்ள முதலாளி மேல போயிட்டாரு."

"ஐயோ, முதலாளியா! யாருண்ணே?"

"இந்த மீனுதான். ஒரு வேலையும் செய்யாம நாள் பூரா எங்களையே முறைச்சுப் பார்த்துட்டிருக்கும். அதான் அந்தப் பேரு."

சித்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மைக்ரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இன்னொரு மீன்?"

மோட்டார் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னொரு மீன் இருக்குல்ல அண்ணே? உயிரோட இருக்கா?"

"இருக்கு. இழுத்துட்டிருக்கு."

"தொட்டியைக் கழுவினீங்களா?"

"நேத்துதாம்மா. கல்லு, ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாத்தையும் குழாய்ல பிடிச்சுப் பிழிஞ்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்பாஞ்சில் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்கள் மொத்தமும் குழாய்த் தண்ணீரோடு போயிருந்தன. அம்மோனியா, நைட்ரைட், குளோரின் என்று விளக்கம் முழுக்கத் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

"பாதித் தண்ணியை எடுத்துடுங்க. புதுத் தண்ணில, குளோரினை எடுக்கிற இந்த மருந்து ஒரு மூடி கலந்து, மெதுவா ஊத்துங்க. காத்து மோட்டாரை நிறுத்தாதீங்க. ரெண்டு நாளைக்குச் சாப்பாடு வேண்டாம்."

பேசிக்கொண்டே தன் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்துத் தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினாள். "இதை உங்க ஃபில்டர்ல வெச்சிடுங்க. கழுவக் கூடாது."

"இது ஒரே அழுக்கா இருக்கே?"

"அப்படித்தான் இருக்கணும்."

"ஏன்?"

"மீன் பிழைக்கட்டும். அப்புறம் சொல்றேன். ஓடுங்கண்ணே!"

அவர் ஓடினார். கிண்ணம் மேசையிலேயே கிடந்தது.

கடைக்குள் மைக்ரோ தொடர்ந்து இத்தனை வாக்கியம் பேசி சித்தி கேட்டதில்லை. கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏண்டி, இவரைக் கணக்குல சேர்த்துக்கலாமா? படிச்சுட்டேன்னுதானே சொன்னாரு?"

"வேண்டாம் சித்தி."

முக்காலிக்குப் போனவள் உட்காரவில்லை. கைப்பேசியில் தன் கட்டுரையைத் திறந்தாள். ஒரு கையில் மீன் வலையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே படித்துப் பார்த்தாள். ஈரக் கட்டைவிரலுக்குத் திரை நகரவே மறுத்தது. தத்துவத்தைத் தாண்டுவதற்குள் வலையிலிருந்து சொட்டிய நீர் கணுக்கால்வரை வழிந்துவிட்டது.

இத்தனை நாளும் அவள் மனக்கண்ணில் படித்துக்கொண்டிருந்தது அந்த ஆசிரியைதான். நாற்காலியில் அமர்ந்து, சிவப்புப் பேனாவோடு. அவருக்கு எல்லாம் தெரியும். மைக்ரோவுக்குத் தெரியுமா என்று பார்க்க மட்டுமே படிப்பவர். அவர் வீட்டில் மீன் தொட்டி இருந்ததாகக்கூட நினைவில்லை.

தலைப்பை அழித்தாள். 'மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதா?' என்று எழுதினாள். அதன் கீழே: 'பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இப்போதே. மீதியை அப்புறம் படிக்கலாம்.' பிறகு குளோரின் நீக்கும் மருந்து, காற்று மோட்டார், ஸ்பாஞ்சு. ஒவ்வொன்றும் ஒரு வரி. நோக்கத்தை எடுத்தாள். கண்டுபிடித்தவரை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. பாவம், தேடிப் பிடித்து அழைத்து வந்த மனிதர்.

மறுநாள் சலூன்காரரிடமிருந்து ஒரு படம் வந்தது. தொட்டியின் நடுவில் ஒரு மீன், துடுப்பை விரித்துக்கொண்டு. 'மேனேஜர் பிழைச்சிட்டாரு' என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: 'சோப்பு மூஞ்சிக்காரர் கேக்குறாரு. அந்த பாக்டீரியா கண்டுபிடிச்சவர் கதை பாதில நிக்குது. மீதி எங்க போச்சு?'

மைக்ரோ அதை மூன்று தடவை படித்தாள். கட்டுரையின் அடியில் 'மீன் பிழைத்த பிறகு படிக்க' என்று ஒரு பகுதி தொடங்கி, அந்த மனிதரைத் திரும்பக் கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

அதன்பின் கட்டுரையைப் படித்ததாகச் சொல்லி யாரும் வரவில்லை. மாதத்தின் கடைசி நாள் மதியம், சித்தி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, செவிலியர் உடையில் ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தார். இரண்டு கைகளும் முழங்கைவரை ஈரம்.

"பாதித் தண்ணி மாத்திட்டேன். அடுத்து என்ன வாங்கணும்?"

"எதுக்கும்மா?" என்றாள் சித்தி.

"உங்க ப்ளாக்ல போட்டிருந்துச்சே."

மைக்ரோ தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். சித்தி அவளைக் கையமர்த்திவிட்டு, வழக்கறிஞர் மாதிரி நிமிர்ந்தாள். "அப்போ அதைப் படிச்சுட்டு வரீங்க?"

"படிக்கலைங்க. எங்க படிக்க விட்டாங்க? முதல் வரிலேயே விரட்டிட்டாங்க."

"பார்த்தியா," என்று சித்தி திரும்பினாள். "படிக்கலைங்கிறாங்க."

"முதல் வரி படிச்சாங்கல்ல!" மைக்ரோவின் குரல் கடைக்கு வெளியே வரை கேட்டது. "அதுக்குத்தான் சித்தி அந்த வரி! அவங்க படிச்சு முடிச்சிருந்தா இந்நேரம் கிண்ணத்தோட வந்திருப்பாங்க!"

எந்தக் கிண்ணம் என்று தெரியாமல் செவிலியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி சரி, காதைக் கிழிக்காத. நீயே எழுது. இந்தத் தொண்டையை வீடியோல போட்டா ஜனங்க பயந்துடுவாங்க."

மைக்ரோ மருந்தையும் ஸ்பாஞ்சையும் எடுத்து வந்து கொடுத்தாள். சொல்லவேண்டியதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தாள்.

"ரெண்டு நாள் சாப்பாடு போடக் கூடாதா?" செவிலியரின் முகம் வாடியது. "பாவம் இல்லையா? கண்ணாடிகிட்ட வந்து என்னையே பார்க்குமே."

மைக்ரோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே நின்று, ஒரு நிமிஷம் என்று கைகாட்டிவிட்டு மடிக்கணினியை எடுத்தாள். அவர் கேட்டதை அப்படியே தலைப்பாகத் தட்டினாள்: 'சாப்பாடு போடாவிட்டால் மீன் பாவம் இல்லையா?'

கீழே முதல் வரி: 'இல்லை.'

பிறகுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "இல்லக்கா," என்றாள்.