மேல்மாடத்து விருந்தாளி

கோயிலில் பெஞ்சு வரிசையை அடைக்கும் சிறு கதவு படாரென்று மோதிய சத்தத்தில் பாதிரியாரின் ஜெபம் பாதியில் நின்றது. கெசையா பிராட் கண்ணைத் திறக்கவில்லை. திறக்காமலே தெரிந்தது, எழுந்து நிற்பது தன் தம்பி ஜோத்தாம் என்று.

"போன மாசம் இந்தப் பீடத்துல பிரசங்கம் பண்ணினாரே தெற்கத்திப் போதகர், அவர் வீட்ல மனுஷங்களை விலைக்கு வாங்கி வச்சிருக்கார். அவர் வாய் வச்ச நற்கருணைக் கிண்ணத்துலதான் நாமளும் குடிச்சோம். யாருக்கும் தொண்டையில அடைக்கலையா?"

கோயில் உதவிக்காரர்கள் இருவர் ஓடிவந்தார்கள். ஜோத்தாம் கையை ஓங்கவில்லை, காலையும் எடுத்து வைக்கவில்லை. அடிப்பவனைத் திருப்பி அடிப்பதில்லை, விரட்டினால் நடந்து போவதுமில்லை என்பது அவன் சேர்ந்திருந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தாரின் விரதம். அப்படியே துவண்டு சரிந்தான். இருவரும் அவனை மாவு மூட்டைபோல் மூச்சு வாங்கத் தூக்கிப்போய் வாசல் புல்லில் கிடத்தினார்கள். ஒருவர் திரும்பி வந்து அவன் தொப்பியை எடுத்தார். தூசி தட்டி, கொண்டுபோய் அவன் மார்மேல் வைத்தார்.

ஆராதனை முடிந்ததும் பாதிரியார் கெசையாவைத் தனியே அழைத்து, புதன்கிழமைக் கூட்டத்துக்குக் கோயில் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

மேரிலாந்து அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து ஊர் ஊராகப் பேசிவரும் லூசிண்டா கெய்ன்ஸ், அந்தப் பீடத்தில் நின்று பேசுவதாக இருந்தது. அடிமை ஒழிப்பு என்றாலே கதவைச் சாத்தும் இந்த மாசசூசெட்ஸ் ஊரில் அது சாதாரணக் காரியமல்ல. பனியில் நடந்து, ஆப்பிள் பணியாரம் சுட்டுக் கொடுத்து, குளிர்காலம் முழுக்கப் பாதிரியார் வீட்டு வாசலைத் தேய்த்துத்தான் சம்மதம் வாங்கியிருந்தாள். அவரும் சும்மா தரவில்லை. அந்த அம்மாள் தன் கண்ணீர்க் கதையை மட்டும் சொல்லலாம், சபையைக் குறை சொல்லக்கூடாது. அதுவரை ஞாயிறுகளில் கறுப்பர்களுக்கான மேல்மாடத்திலேயே உட்காரட்டும். புதன்வரைதானே என்று கெசையா ஒப்புக்கொண்டாள். நேற்று இரவுச் சாப்பாட்டில்தான், தன் வீட்டில் தங்கியிருந்த லூசிண்டாவிடம் அதைச் சொன்னாள். லூசிண்டா இன்னும் கொஞ்சம் சூப் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தால், ஜோத்தாம் அடுப்படியில் உட்கார்ந்து தேநீரில் மேப்பிள் மரத்துச் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தான். அடிமைகள் வெட்டிய கரும்பின் சர்க்கரை அந்த வீட்டுப்படி ஏறாது. அது ஒன்றில்தான் அக்காவும் தம்பியும் ஒத்துப்போனார்கள்.

"நீ நாலு வார்த்தை கத்திட்டுப் பொணம் மாதிரி படுத்துக்குவே," என்றாள் கெசையா. "இனி அந்த ஜனங்க காதை யாருடா திறக்கிறது?"

"என்னைத் தூக்கின பெரியவருக்கு இடுப்பு பிடிச்சிருக்கும்க்கா. தைலம் குடுத்தனுப்பு."

"சிரிக்காதே. திட்டினா எவனாவது திருந்தியிருக்கானா?"

"தடவிக் கொடுத்து மட்டும் திருந்திட்டாங்களா? அவங்க மனசு நோகாம பேசணும்னு பார்த்துப் பார்த்து, பேச வேண்டியதையே விட்டுட்டே."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. அடிமை ஒழிப்புக்காகத் துணி தைத்து விற்கும் தன் தையல் வட்டத்துக்கு இந்தக் குளிர்காலத்தில் புதிதாக வந்த பெண்களைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் பயந்து பயந்து வந்தவர்கள், இனி வரமாட்டார்கள் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. ஜோத்தாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அக்கா அழுதால் அவனுக்குத் தாங்காது.

அப்போது லூசிண்டா உள்ளே வந்தாள். மேல்மாடத்துக் குளிர் இன்னும் விரல்களில் இருந்தது. அடுப்பருகே கைகளை நீட்டிக்கொண்டாள்.

கெசையா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பியின் முரட்டுத்தனத்தால் லூசிண்டாவின் கூட்டமே போய்விட்டதென்றும், அவனுக்காகத் தான் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னாள். ஜோத்தாம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லூசிண்டா நாற்காலியை இழுத்துக் கெசையாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரைத் திட்டாதீங்க சகோதரி. எழுந்து கேளுங்கன்னு சொன்னதே நான்தான். மாடத்துலேர்ந்து நானே எழுந்து கேட்டிருந்தா, என் தொப்பியைத் தூசி தட்டிக் கொண்டுவந்து குடுத்திருப்பாங்களா?"