பந்தில் தெரியாத சிவப்புப் புள்ளி

மனித குலம் இதுவரை பேஸ்பாலைத் தவறாகவே அடித்து வந்திருக்கிறது என்றும், அந்த இருண்ட காலம் இந்த வசந்தத்தோடு முடிகிறது என்றும், எங்கள் ஓஹையோ ஊரின் பல் மருத்துவர் வெண்டல் கிரப் மார்ச் மாதத்தில் அறிவித்தார். அறிவித்த இடம், பன்னிரண்டு வயதுப் பையன்களின் பயிற்சித் திடல். கேட்டது நான்கு அப்பாக்களும் ஒரு நாயும். நாய் பாதியில் எழுந்து போய்விட்டது. எனக்கு அந்த வசதி இல்லை. அந்த நான்கு அப்பாக்களில் ஒருவனான நான்தான் அணியின் ஸ்கோர் எழுதுபவன்.

சுழன்று வரும் பந்தின் சிவப்புத் தையல் ஒரு புள்ளியாகத் தெரியுமாம். புள்ளி தெரிந்தால் பந்து வளையும். அரை நொடி பொறுத்து, மட்டையைக் கீழிருந்து மேலே வீச வேண்டும். இதற்காகக் குளிர்காலம் முழுக்க கராஜில் இயந்திரம் வைத்து, மகன் எம்மெட்டுக்குச் சுழல் பந்தாகவே போட்டுத் தள்ளியிருந்தார். கார் பனியில் நின்றது.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை. பருவம் முழுக்க எம்மெட் ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்கவில்லை. இன்றும் அடிக்காவிட்டால் இரண்டாம் அணிதான். அவனுடைய ஒரே நண்பன் டானி முதல் அணியிலேயே இருப்பான்.

முதல் பந்து நேராக வந்தது. எம்மெட் பார்த்துக்கொண்டே நின்றான். ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்.

வேலிக்குப் பின்னாலிருந்து டாக்டர் கேட்டார்: "புள்ளி தெரிஞ்சுதாடா?"

"இல்லப்பா."

"பொறு. வரும்."

"இதுக்கு மேல என்ன டாக்டர் வரணும்? ராத்திரிச் சாப்பாடா?" என்றார் டானியின் அப்பா.

இரண்டாவதும் நேராக வந்தது. ஸ்ட்ரைக்.

"தம்பி, அந்த மட்டைக்கும் கொஞ்சம் வேலை குடு. பாவம், தோள்லயே தூங்குது" என்றார் அம்பயர்.

மூன்றாவதும் அப்படியே. அவுட். நான் கட்டத்தில் குறித்தேன். எம்மெட் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"மூணுமே லட்டு மாதிரி வந்துது, அங்கிள். அடிச்சிருக்கலாம்."

"ஏன்டா அடிக்கல?"

"அப்பா நாலு மாசம் அந்த குளிர்ல கராஜ்லயே கெடந்தாரு. ஒரே ஒரு தடவையாவது புள்ளி வரட்டும்னு பாத்தேன்."

வேலியைப் பார்த்தேன். இந்த வருட விதித்தாள், பிளாஸ்டிக் உறைக்குள், மார்ச் மாதத்திலிருந்து அங்கேதான் தொங்குகிறது. கீழே எல்லா அப்பாக்களின் கையெழுத்தும் உண்டு, என்னுடையதும். அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

விதி ஏழு: பிஞ்சு முழங்கைகளின் நலன் கருதி, பன்னிரண்டு வயதுப் பிரிவில் சுழல் பந்து வீசக் கூடாது.