ஒற்றை டிக்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், ஜெயசீலன் தன் வீட்டுக்கே செக்யூரிட்டி ஆகிவிடுவார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். உள்ளே போகிறவர்களின் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பது அங்கே வழக்கம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு ரயில்வே ஸ்டேஷன் வரை நடை. நடைக்குப் போன் கூடாது. பழைய பிஸ்கட் டின்னை நீட்டி, "போடுங்க, போடுங்க" என்பார். டோக்கன் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி.

காலேஜ் படிக்கும் மகள் தமிழினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் போனைப் போட்டாள். அதே கம்பெனியில் ஷூ தைக்கும் மனைவி மோகனா துணிப்பையில் போட்ட போனை வைத்தாள். ஜெயசீலன் டின்னை மூடி பிரிட்ஜ் மேல் வைத்தார்.

மோகனா வைத்தது அவள் போன் இல்லை. மகன் வசந்தின் பழைய போன், கண்ணாடி நொறுங்கி உயிர் போன போன். அவளுடையது இடுப்பில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனை ஏமாற்றாதவள் என்று அவளுக்குச் சான்றிதழ் தர முடியாது. ஆனால் போன் விஷயத்தில் ஏமாற்றியது இதுதான் முதல் தடவை.

வசந்த் வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. ராத்திரி சாப்பாட்டில், போனைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "கம்பெனில சேர்ந்துக்கடா" என்றார் ஜெயசீலன். "அந்தத் தோல் நாத்தம் உன்னோட போவட்டும்" என்றான் அவன், தலையைக்கூடத் தூக்காமல். ஜெயசீலன் அந்தப் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தார். மறுநாள் அவன் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான். அங்கே ஒரு தோஸ்தின் பைக்கை வாங்கி, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அப்பாவோடு பேச்சு இல்லை. அம்மா தினமும் காலையில் "சாப்டியாப்பா" என்று வாட்ஸ்அப்பில் கேட்பாள். அவன் ஒரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டி அனுப்புவான். அந்த மஞ்சள் விரல் வந்தால்தான் மோகனாவுக்குச் சோறு இறங்கும்.

இன்றைக்கு விரல் வரவில்லை. காலையில் அனுப்பியது அவனுக்குப் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் இங்கிலீஷிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். போனை நம்பிப் பிழைக்கிறவன், பைக்கில் சுற்றுகிறவன், நாள் பூராவும் போனை அணைப்பானா? அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சர்வீஸ் ரோட்டில் நடந்தார்கள். பிரியாணிக் கடை வாசலில் ஒரு குடும்பமே ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி இலைக்குக் காத்திருந்தது. "பாத்தியா" என்று ஜெயசீலன் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வார், அதோடு ஒரு பிரசங்கமும் வைப்பார். இன்று விறுவிறுவென்று முன்னால் போனார், நின்றார், மறுபடி போனார். எதிரே வந்தவரை நிறுத்தி மணி கேட்டார்.

மோகனா செருப்பில் கல் என்று நின்றாள். ஒற்றை டிக். பூ வாங்குகிறேன் என்று நின்றாள். ஒற்றை டிக். பூவை மறந்துவிட்டு வந்தாள்.

அவள் அப்பா லாரி டிரைவர். தோல் ஏற்றிக்கொண்டு கல்கத்தா போனால், திரும்பி வரும்வரை ஒரு தகவலும் இருக்காது. அம்மா பாட்டுக்குச் சமைத்தாள், சண்டை போட்டாள், குறட்டை விட்டுத் தூங்கினாள். கல்நெஞ்சா அவளுக்கு? இல்லை. தகவல் வராததுதான் அன்றைக்கு நல்ல தகவல். இன்றைக்கு அரை நாள் பதில் வராவிட்டால் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. இந்தச் சனியனைக் கையில் கொடுத்தவன் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் திட்டினாள்.

ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறியதும் அவளால் முடியவில்லை.

"இன்னாங்க, திட்டறதுன்னா திட்டிக்கங்க. போன் என்கிட்டதான் இருக்குது. புள்ள காலைலேர்ந்து பதிலே போடல. போனு அணைஞ்சிருக்குது."

"தெரியும்" என்றார் ஜெயசீலன்.

"இன்னா தெரியும்?"

"டின்ல நீ போட்டது அவன் போனு. நான் ஒடச்ச போனு எனக்குத் தெரியாதா? காலைலேர்ந்து உன் மூஞ்சியும் சரியில்ல. அதான் கம்முனு வந்தேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாவது டிக் விழுந்துச்சா பாரு."

தமிழினி அப்பாவை வாயைப் பிளந்து பார்த்தாள். மூன்று பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தின் மேல் குனிந்தார்கள். கீழே பிளாட்பாரத்தில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

டிக் இரண்டானது. மோகனா "ஆண்டவரே" என்பதற்குள் போன் அதிர்ந்தது. ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"இன்னாம்மா, எத்தினி வாட்டி கூப்ட்டிருக்க? இன்னிக்கு நட கெடையாதா? போன் கையில இருக்குது, அப்பா பேஜார் பண்ணப்போறாரு."

"நான்தான் எடுத்துனு வரச் சொன்னேன்" என்றார் ஜெயசீலன்.

மோகனா அழுதுகொண்டே கேட்டாள்: "ஏன்டா போன அணச்ச?"

"கேட்ல வாங்கி வெச்சிக்கினாங்கம்மா."

"எந்த கேட்ல?"

"வண்டி ஒத்துவரலம்மா. இங்க ஒரு ஷூ கம்பெனில இன்னிக்குதான் சேர்ந்தேன். ஷிப்மெண்ட் அவசரம்னு ஞாயித்துக்கெழமையும் வேல. கேட்ல டப்பாவ நீட்டி போடு போடுன்னாங்க. அப்பா மாதிரியே."

மோகனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆம்பூர் கம்பெனி கேட்டில் வாரம் முழுக்கப் போனைக் கொடுத்துவிட்டு மெஷினில் உட்கார்கிறவள் அவள். இது மட்டும் புத்தியில் உறைக்கவில்லை.

ஜெயசீலன் போனைத் தன் கையில் வாங்கினார்.

"டோக்கன் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கப்பா."

"சட்ட பாக்கெட்ல வெக்காத, குனிஞ்சா விழுந்துடும். ஐடி கார்டு கவர்ல போட்டுக்க."

"சரிப்பா."

அதற்குள் எக்ஸ்பிரஸ் ஒன்று கீழே புகுந்து பாலமே அதிர்ந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெயசீலன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, கடைசிப் பெட்டி போகும்வரை நின்றார்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேம்பா."