சிந்தைச் சிகரம், முதல் பதிப்பு

மனித மூளையின் வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்தும் கடமை தலைமுறைக்கு ஒருவர் தலையில்தான் விழுகிறது. இந்தத் தலைமுறையில் அது ஐம்பத்திரண்டு வயது மகன் ஒருவரின் தலையில் விழுந்தது. விழுந்த நேரத்தில் அவர் சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடம் நாற்பது வருடப் பழைய வீட்டுக் கணினி ஒன்று இருந்தது. மொத்த இயந்திரமும் விசைப்பலகைக்குள்ளேயே அடங்கிவிடும். நிரலை ஏற்ற டேப் ரெக்கார்டர் வேண்டும், படம் தெரிய டி.வி. வேண்டும். டி.வி. அப்பாவுடையது. வீடும் அப்பாவுடையதுதான்.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது. பஸ் டெப்போவில் முப்பது வருடம் டிரைவர்களுக்கு டியூட்டி சார்ட் போட்டவர். அந்த வருடம் இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தார். ஒருமுறை கடைக்குப் போய்விட்டு வந்து, பக்கத்துத் தெருவில் யார் வீட்டுப் பூட்டிலோ சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறதா என்று மகன் விசாரித்து வைத்தார்.

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு பண்ணாதண்ணா. முதல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றாள் தங்கை.

"டாக்டர் இன்னிக்கு என்ன கிழமைன்னு கேப்பாரு. அது எனக்கே தெரியாது. நான் ஒண்ணு எழுதறேன், விஞ்ஞானபூர்வமா இருக்கும்."

எழுதினார். தொண்ணூறு வரி நிரலுக்கு ஐந்து வாரம் பிடித்தது. நான்குக்கு நான்கு கட்டம், ஒன்று முதல் பதினைந்து வரை எண்கள், ஓர் இடம் காலி. காலி இடத்துக்கு எண்களைத் தள்ளித் தள்ளி வரிசையாக்க வேண்டும். குழந்தைகள் கையில் வைத்து ஆடும் அதே பிளாஸ்டிக் ஆட்டம்தான். மகன் அதற்குச் 'சிந்தைச் சிகரம்' என்று பெயர் வைத்து, முதல் திரையில் தன் பெயரை அதைவிடப் பெரிதாகப் போட்டார்.

நிபந்தனை இதுதான்: முப்பது நாளில் ஒரே ஒரு முறை முடித்தால் அப்பா தன் அறையிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் இல்லம்.

"நாப்பது டிரைவர மேச்சவன்டா நான். இந்தப் பதினஞ்சு என்ன பண்ணிரும்" என்றார் அப்பா.

தினமும் காலையில் மகன் கணினியைப் போடுவார். டேப் நான்கு நிமிடம் கீச்சிடும். பிறகு அப்பா உட்காருவார். ஒன்பதாம் நாளே பதின்மூன்று எண்களை அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டார். கடைசி வரிசையில் மட்டும் பதினைந்து முன்னால், பதினான்கு பின்னால். மறுநாளும் அப்படியே நின்றது. அதற்கு மறுநாளும்.

பதினேழாம் நாள், "டேய், தினமும் ஒரே ஆட்டம்தான்டா வருது" என்றார்.

"கலைச்சுப் போடறது கம்ப்யூட்டர்ப்பா. உங்களுக்குத்தான் எல்லாம் ஒண்ணு போலத் தெரியுது."

"இது முடியாதுடா. மூணு பேரைச் சுத்தி விடலாம். ரெண்டு பேரை மட்டும் எடம் மாத்த முடியல. எப்படித் தள்ளினாலும் மூணாவதா ஒருத்தன் வந்து மாட்டுறான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மகன். நோட்டில் குறித்துக்கொண்டார்: 'எண்களை ஆட்களாக நினைக்கிறார்.'

அதுவரை அப்பா பக்கம் நின்ற தங்கை அந்த வரியைப் படித்தாள். அதன்பிறகு அவள் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

அப்பா சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் விரலால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். முப்பதாம் நாள், பதினைந்து, பதினான்கு என்று நின்ற திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு போல" என்றார். பெட்டி கட்ட அவரே உதவினார்.

அவருடைய அறை கணினிக்குக் கிடைத்தது. மகன் தன் படைப்பைப் பழைய கணினி ஆர்வலர் குழுவுக்கு அனுப்பினார். உலகம் ஒரு வாரம் மௌனம் காத்தது. பிறகு குழுவில் இருந்த கணக்கு டீச்சர் ஒருவர் பதில் போட்டார்:

"சார், எண்களைக் கண்டபடி இறைச்சா பாதி ஆட்டம் எந்தக் காலத்துலயும் முடியாது. முடிஞ்ச நிலையில இருந்து தள்ளித்தான் கலைக்கணும். இன்னொண்ணு, இந்த மெஷின் ஆன் பண்ணினதும் தினமும் எண்களை அதே வரிசையிலதான் கலைச்சுத் தரும். அதனால உங்க ஆட்டம் எப்பவும் ஒரே ஆட்டம். அது முடியாத பாதியில இருக்கு. முதல் திரை அழகா இருக்கு."

மகன் அதை மூன்று முறை படித்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போனார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தப் பதினாலு பதினஞ்சு இருக்கில்ல..."

"விடுடா. வயசாயிருச்சு, என்ன பண்றது. பாவம், நீ எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதின" என்று அப்பா சமாதானம் சொன்னார். மகன் சமாதானமடைந்தார்.

தங்கையிடமும் அவர் சொல்லவில்லை. ஆறு வரிகளைத் திருத்தி, இரண்டாம் பதிப்பு மேலும் மெருகேற்றப்பட்டிருப்பதாகக் குழுவில் அறிவித்தார். இப்போது வரும் எல்லா ஆட்டங்களும் முடிக்கக்கூடியவை. அப்பாவின் அறையில் உட்கார்ந்து நான்கு வாரமாக ஆடிவருகிறார். இன்னும் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை.