பள்ளத்துப் பக்கம்

கல்லூரி அதிபர் கணேசமூர்த்தி சேருக்கு அந்த அட்டைக் கட்டடத்தை விட்டுக் கையை எடுக்க மனமே வரவில்லை. கல்லூரிக்கு நான் வரைந்த விளையாட்டு மண்டபத்தின் மாதிரி அது. அவர் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. "கொழும்புலகூட இப்படி ஒண்ணு கெடையாது சர்மிளா. நம்ம தோட்டத்துப் புள்ள போட்ட பிளானுன்னு ஊரே சொல்லணும்" என்றார். பொய் சொல்வானேன், உச்சி குளிர்ந்துபோனது. பத்து வருஷமாக யார் யாருடைய பிளானுக்கோ கோடு போட்டுக் கொடுத்தவள் நான். என் பெயரில் எழும்பப்போகிற முதல் கட்டடம் இது. அவர் கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலை ஃபைல் கொழும்புக்குப் போய்விடும்.

கீழே மரத்தளம், மேலே சுற்றி ஓடுவதற்குப் பாதை. பள்ளத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அடியில் காற்று வர இடுப்பளவுத் திறப்பு. ஏன் அந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே நின்று பார்த்தால் நான் பிறந்த லயத்தின், தோட்டத்து ஒற்றையறை வரிசை வீடுகளின், தகரக்கூரை தெரியும், அதனால்தான்.

விளையாட்டு விரிவுரையாளர் ஜீவராணி மட்டும் அந்தத் திறப்புக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தாள். என்னோடு ஒரே லயத்தில் பிறந்து, ஒரே நெட்போல் டீமில் ஆடியவள். கடைசியில், "சேர், கையெழுத்த சாயந்தரம் போடுங்க. ரெண்டு மணி வரைக்கும் இவ எங்கூட இருக்கட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பொறாமையோ என்றுகூட நினைத்தேன். என் புத்தி அப்படி.

பிள்ளைகள் இப்போதும் ஆடுவது மூடிப்போன தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில்தான். ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய இடம். பலகையில் அந்த வாசம் இன்னும் போகவில்லை. மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. ஏழு பேருக்கு இரண்டு சோடி சப்பாத்து எங்களுக்கு. பாதி ஆட்டத்தில் கழற்றி மாற்றிக்கொள்வோம். ஜீவராணியின் கால் பெரிசு, அவள் போட்டுக் கொடுத்த சப்பாத்து எனக்கு லொடலொடவென்று ஆடும். "இப்பவும் அதே காலுதான்டி" என்று நீட்டிக் காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டு மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் அந்தப் பக்க ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார்கள். அதற்குள் பலகையெல்லாம் நசநசவென்று ஈரம். கொழுந்துச் சாக்கைக் காலுக்கடியில் போட்டு, தேய்த்துக்கொண்டே மாடி முழுக்க வழுக்கி ஓடினார்கள். நாங்களும் அப்படித்தான் ஓடினோம். மதியச் சோறு முடிந்தால் பள்ளத்துப் பக்கம் திறந்து வைக்கக்கூடாது என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். நான் அந்தப் பக்கம்தான் மூடவே முடியாத திறப்பு வைத்து, கீழே மரத்தையும் போட்டிருந்தேன்.

"கொழும்புக்காரன் போட்ட பிளானுன்னா திட்டிட்டு விட்டிருப்பேன். நீ எப்படிடி மறந்த?" என்றாள் ஜீவராணி.

"நம்ம லயம் தெரியணும்னு போட்டேன்டி. புள்ளைக பாக்கட்டுமேன்னு."

"இதுக தெனம் விடியிறதே லயத்துலதான். பீலியில தண்ணி புடிக்க வரிசையில நின்னுட்டுத்தான் இங்க வருதுக. அத கண்ணாடி வச்சு வேற பாக்கணுமாக்கும்? பாக்க ஆச ஒனக்கு."

வெட்கமாக இருந்தது. சாக்கை மடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போய், "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அனுஷ்கா என்ற மெலிந்த பெண்தான் கேட்டாள்: "மிஸ், உடுப்பு மாத்துற ரூம் எங்க போட்டிருக்கீங்க?"

மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையை ஒதுக்கி, திரை போதும் என்று விட்டிருந்தேன். ஒரே அறை வீட்டில், அப்பாவும் அண்ணன்மாரும் வெளியே போகட்டும் என்று ஈர உடுப்போடு அடுப்படியில் நின்றவள் நான்.

ஃபோன் அடித்தது. அதிபர். "பேனாவோட உக்காந்திருக்கேன், எங்கம்மா நீங்க?"

"பள்ளத்துப் பக்கத்த மாத்தணும் சேர். கண்ணாடி வராது."

"கண்ணாடிய காட்டித்தானம்மா மேல சம்மதம் வாங்கினேன்! அது இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

ஜீவராணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வரைஞ்சு எடுத்துக்கிட்டு வாறேன் சேர். பாத்துட்டு, பிடிக்கலன்னா வேற ஆளப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

பிளானைப் பலகையில் விரித்துக் குந்தினேன். கண்ணாடி இருந்த இடத்தில் கனமாக ஒரு சுவர். சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். லயத்தைப் பார்க்க இனி வழியில்லை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அறைகளை எண்ண ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் கதவு போட்டுக்கொண்டே வந்தபோது அனுஷ்கா குனிந்து, கதவுக்கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"தாழ்ப்பாள் உள்பக்கந்தானே மிஸ்?"