சகலை வீட்டுப் பால்கனி

ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. சர்வேயரின் சம்பளத்துக்குள் அடங்கிய வீடுகளும் இருக்கவே செய்தன. ஆனால் அவற்றில் ஒன்றுக்குச் சன்னலே இல்லை. இன்னொன்றில், அடுப்பைத் தாண்டித்தான் குளியலறைக்குள் போகவேண்டும். இப்போதைய வீட்டுக்காரரோ தம் மகன் குடிவருவதால் மாதக் கடைசிக்குள் காலி செய்து தருமாறு பணிவோடு, ஆனால் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் சர்வேயருடைய மனைவியின் தங்கை கணவர் புதிய வீட்டுக்குக் குடிபோனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறைகள், காற்று தாராளமாக வரும் பால்கனி; வாடகையோ கேட்டவுடன் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. கட்டடத்தின் கிழட்டு லிஃப்டை ஓடவைத்தவர் என்பதால், வீட்டுக்கார அம்மாள் அவருக்குச் சலுகை காட்டியிருந்தார்.

வீடு பார்க்கப் போன அன்று அக்காளும் தங்கையும் சமையலறையில் நின்று பேசிக்கொண்டிருக்க, சர்வேயர் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கூடத்தை அளக்கத் தொடங்கினார்.

"என்ன சகல, வீட்டைப் பங்கு பிரிக்கப் போறீங்களா?" என்று சிரித்தார் மெக்கானிக்.

"சும்மா, கைப்பழக்கம்" என்றார் சர்வேயர். பால்கனியையும் அளந்தார். வயிறு எரிந்தது.

சில நாள்களில் அதே மாடியில் எதிர்வீடு காலியாயிற்று. மெக்கானிக்கே வீட்டுக்கார அம்மாளிடம் பேசி, தமக்குச் சொன்ன வாடகைக்கே அதைச் சகலைக்கும் கேட்டு வைத்தார். சர்வேயரின் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கை வீட்டுக்கு எதிர்வாசல் அல்லவா?

அம்மாள் கதவைத் திறந்து காட்டினார். வீட்டில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் சர்வேயர் டேப்பை விரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எதிர்வீட்டு ஹாலைவிட இது ஒரு சாண் குறைச்சல். பால்கனி ஒரு முழம் குறைச்சல். வாடகை மட்டும் ஒண்ணா இருக்கே?"

"அப்படியா? கட்டுன மேஸ்திரி ரெண்டும் ஒண்ணுன்னுல்ல சொன்னாரு."

"நான் ரெண்டையும் அளந்துட்டேன்மா."

அம்மாள் எதிர்க்கதவைச் சற்று நேரம் பார்த்தார். "நல்லவேளை சொன்னீங்க தம்பி. அப்ப அவங்ககிட்டதான் நான் கம்மியா வாங்கிட்டிருக்கேன்."

தம் வாடகை குறையவில்லை என்பது சர்வேயருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சகலையின் வாடகை ஏறப்போகிறது என்ற எண்ணம், வெயிலில் நடந்து வந்தவருக்கு மோர் கிடைத்தாற்போல் உள்ளே இறங்கியது.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் எதிர்வீட்டுச் சாவியோடு வந்தார்.

"அந்தம்மா எங்களுக்கு வாடகையை ஏத்திட்டாங்க சகல. நீங்க அளந்து சொன்னீங்களாமே?"

சர்வேயரின் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்களா சொன்னீங்க?"

"வாய் தவறி..." என்றார் சர்வேயர்.

"விடுங்கண்ணி, தொழில் புத்தி. நானும் எங்க போனாலும் லிஃப்ட் சத்தத்தைத்தான கேக்குறேன்" என்றார் மெக்கானிக். "பிள்ளைங்க உங்களுக்கு ரெண்டு. பெரிய வீடு வேணும்னா எங்க வீட்டை நீங்க எடுத்துக்கங்க, நாங்க எதிர்ல மாறிக்கிறோம். என்ன, புது வாடகை ஆகும்."

மனைவி கணவரைப் பார்த்தாள். அந்த வாடகை அவர்களால் முடியாதென்று இருவருக்கும் தெரியும். தம்மைவிட இளையவரின் முன்னால் அதைச் சொல்லத்தான் சர்வேயருக்கு நா எழவில்லை.

"எங்களுக்கு எதிர்வீடே போதும்" என்றாள் அவளே.

"அப்ப சரி. நான் இன்னும் ரெண்டு கட்டடத்து லிஃப்டைச் சேத்துப் பாத்தா ஈடுகட்டிடலாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்!

மாலையில் மூவரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். சர்வேயர் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். அது சத்தமே இல்லாமல் திறந்தது.

"ரொம்பக் கிறீச்சுன்னுச்சு சகல. காலைலதான் எண்ணெய் விட்டேன்."

சர்வேயர் கதவை ஒருமுறை சாத்தித் திரும்பவும் திறந்து பார்த்தார். கொஞ்சமாவது சத்தம் கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.