உம்மணாமூஞ்சிக்குப் பொட்டு

மாரிச்செல்வம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் ரோட்டில் கடை. குருவிகுளம், பனவடலிசத்திரம் பக்கத்துக் கிணறுகளில் எந்த மோட்டார் புகைந்தாலும் கடைசியில் அவர் கடை வாசலில்தான் வந்து இறங்கும். கரிந்த செம்புக்கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றி, சுவிட்சைப் போட்டு, அது உறுமுவதைக் கேட்டால்தான் அவருக்கு மத்தியானச் சோறு இறங்கும். இப்படிப்பட்ட மனிதர் வீட்டு மாடியில் மூஞ்சி வைத்த பொம்மை ரயில் ஓட்டுகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, மெட்ராசுக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க" என்று டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார்.

பொம்மை ரயில் என்றதும் சாவி கொடுத்தால் கட்டிலைச் சுற்றுகிற சாமானை நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு இஞ்சினும் கைக்குழந்தை கனம் இருக்கும். தண்டவாளம் அசல் பித்தளை. அது மாடி அறையில் புறப்பட்டு, வாசற்படி தாண்டி மொட்டைமாடிக்கு வந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே புகுந்து, திரும்பவும் அறைக்குள் போகும். பிள்ளைகள் டிவியில் பார்க்கிற ஏதோ ஒரு வெளிநாட்டுத் தொடரில் வருகிற இஞ்சின்கள் இவை. முன்பக்கம் வட்டமாக ஒரு முகம். வண்டி ஓடும்போது கண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும்.

மகளுக்காக வாங்கினார் என்று சொல்லவும் வழியில்லை. கோயம்புத்தூரில் படிக்கிற அனுவுக்குச் சின்ன வயதிலேயே ரயிலில் நாட்டம் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பேரனுடைய இஞ்சின் ஒன்றை மைதீன் பாய் கடைக்குக் கொண்டுவந்தார். மோட்டார் கரிந்திருந்தது. மாரிச்செல்வம் தலைமுடி மாதிரிக் கம்பி தேடிப் பிடித்துக் காயில் கட்டி முடிப்பதற்குள் பேரன் ஊருக்குப் போய்விட்டான். "நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார் பாய். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஊர் ஊராகத் தேடி, போனில் கெஞ்சி, பழைய சாமானாக வாங்கிச் சேர்த்ததில் இன்று ஏழெட்டு இஞ்சின், அதற்குத் தக்க பெட்டிகள்.

அவற்றின் அசல் பெயர்கள் எவர் வாயிலும் நுழையாது. கேலியாகப் பெயர் வைத்தது மனைவி முத்துமாரி. பல்லைக் காட்டிச் சிரிக்கிற முதல் இஞ்சின், பல்லன். சிவப்பாக இருப்பது சிவப்பி. கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும் சாம்பல் நிற இஞ்சின், உம்மணாமூஞ்சி. அந்த முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதார்களாம், கம்பெனிக்காரன் செய்வதை நிறுத்திவிட்டான். அதனாலேயே அதற்கு மவுசு. கேலிப்பெயர்களை மாரிச்செல்வம் எப்போது எடுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. இப்போது வெளியூர் ஆட்கள் போனில் பேசும்போதும் "உம்மணாமூஞ்சி நல்லா இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பெயர் வைத்தவள் அதற்குமேல் அந்த அறைக்குள் வருவதில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆயுத பூசையன்று, கடையில் பூசை முடித்துவிட்டு வந்தவர், "மேல இருக்க இஞ்சினுக்கும் ரெண்டு பொட்டு வச்சிருவமா?" என்று கூச்சத்தோடு கேட்டார். முத்துமாரியின் அண்ணன் தம்பிகள் கூடத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். "தொழில் செய்யுத சாமானுக்குத்தான் பூசை. வெளையாட்டுச் சாமானுக்கா?" என்று அவள் சிரித்தாள். அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். டீக்கடையில் ஊரே சிரித்தால் தாங்குகிற மனிதருக்கு அது தாங்கவில்லை. மாடிக்குப் போய் அறையைப் பூட்டினார். "என் சாமானை யாரும் தொட வேண்டாம்" என்று அன்றைக்குச் சொன்ன பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

இந்த வருஷம் ஆயுத பூசைக்கு அவர் மனசு வேறெங்கோ இருந்தது. மறுநாள் விஜயதசமிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து பிரின்ஸ் வருவதாக இருந்தான். பேக்கரி வைத்திருக்கிறான், இவரைவிடப் பெரிய ரயில் பைத்தியம். ஆனால் அவன் ரயிலை ஓட்டமாட்டான், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பான். அவனிடம் கார்டு பெட்டி இருக்கிறது. ரயிலின் கடைசியில் மாட்டுவது, பின்பக்கம் பார்த்தபடி ஒரு கிழவர் முகம் உள்ளது. மாரிச்செல்வத்தின் வரிசையில் இல்லாதது அது ஒன்றுதான். எந்த இஞ்சினைப் பூட்டி ஓட்டினாலும் ரயில் வாலில்லாமல்தான் போகும். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு குறை. கார்டு பெட்டிக்குப் பதில் உம்மணாமூஞ்சியைத் தருவதாகப் பேச்சு. கீறல் இல்லாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் பிரின்ஸ் போட்ட நிபந்தனை. "நாளைக்கு ஆள் வருது, மாடியைக் கொஞ்சம் கூட்டி வையி" என்று முத்துமாரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

பூசை முடிந்து, பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து மாடி ஏறியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

தரை பளிச்சென்று இருந்தது. வாழையிலை விரித்து அதன்மேல் இஞ்சின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் திருநீறு, சந்தனம், நடுவில் குங்குமம். உம்மணாமூஞ்சிக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பொட்டு. தாம்பாளத்தில் ஒரு எலுமிச்சம்பழம். ஓரத்தில் முத்துமாரி, பட்டுச்சேலையில், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாரிச்செல்வம் பாய்ந்து போய் உம்மணாமூஞ்சியைத் தூக்கினார். விரலால் துடைத்தார். திருநீறு போனது, சந்தனம் போனது. குங்குமம் போகவில்லை.

"ஏட்டி, இதுல எண்ணெயைக் குழைச்சியா?"

"ஆமா. காஞ்ச குங்குமம் நிக்காது, எண்ணெய் விட்டுக் குழைச்சு வைங்கலேன்னு நீங்கதான கடையில பையங்ககிட்ட சொல்லுவிய."

சொல்லுவார்தான். அது இரும்பு மோட்டாருக்கு. இந்த முகம் வெள்ளைப் பிளாஸ்டிக்கு, சாயத்தை அப்படியே குடித்துவிடும். அதை இவளுக்கு யார் சொன்னது? சொல்ல வேண்டியவர் அறையைப் பூட்டி வைத்திருந்தார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? பிரின்சு இதைப் பார்த்தா திரும்பிப் போயிருவாண்டி!"

அலமாரியிலிருந்து தின்னர் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தார்.

"இன்னைக்குப் பூசையில இருக்க சாமானை எடுக்கக் கூடாதுங்க. நாளைக்கு மறுபூசை முடிஞ்சு…"

அவர் கேட்கவில்லை. இருந்தாலும் புத்தி முழுதாகக் கெட்டுவிடவில்லை, முதலில் பல்லன்மேல் போட்டுப் பார்த்தார். குங்குமம் கரைந்தது. கரைந்து, நெற்றி முழுக்க ரோஸ் கலரில் படர்ந்தது. பஞ்சு கொஞ்சம் கீழே இறங்கியதில் முன்பல் ஒன்று அழிந்துபோனது. மைதீன் பாய் கொடுத்த பல்லன், முதன்முதலில் காயில் கட்டிய பல்லன், பொக்கைவாயோடு அவரைப் பார்த்துச் சிரித்தான்.

மாரிச்செல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். வந்த கோபத்துக்குத் தாம்பாளத்தை எட்டி உதைத்திருப்பார். முத்துமாரி அழாமல் பேசியதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியது.

"அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சிரிச்சது தப்புதான். அதை எப்படிச் சொல்லுததுன்னு தெரியாமத்தான் இத்தனை வருசம் இருந்தேன். தினமும் காலையில மேல ஒரு சுத்து ஓட்டிட்டுத்தான் கடைக்குப் போறிய. கீழ சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஓட்டிட்டு இறங்குத அன்னைக்கு என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுதிய. மழையில ஓட்டாத அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுப் போறிய. கடையில இருக்க மிசின் சோறு போடுது, சரி. உங்களை ஓட வைக்கது இதுதான? அப்போ இதுவும் ஆயுதந்தானங்க?"

மாரிச்செல்வம் தின்னர் பாட்டிலை மூடினார். முத்துமாரி படி இறங்கிப் போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் சுண்டலும் பொரியும் கிண்ணத்தில் அப்படியே கிடந்தன. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள்.

மறுநாள் காலை, சொன்னபடி பிரின்ஸ் வந்துவிட்டான். கார்டு பெட்டியைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான். மாரிச்செல்வம் அதைக் கையில் வாங்கினார். கிழவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் அத்தனை அழகு. கைக்கு வந்தும் விட்டது. மனசு என்ன பாடுபட்டது என்று அவருக்குத்தான் தெரியும்.

பிரின்ஸ் உம்மணாமூஞ்சியைப் பார்த்தான். "ஐயோ! என்ன அண்ணாச்சி இது?"

மாரிச்செல்வம் மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னார். பிரின்ஸ் இஞ்சினைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நல்ல பையன், முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடவில்லை.

"பரவால்ல அண்ணாச்சி. சென்னையில ஒரு ஆள் இருக்காரு. மூஞ்சியை மட்டும் கழட்டி, மொத்தத்தையும் சுரண்டி எடுத்துட்டு, அச்சு அசலா புதுசா எழுதித் தருவாரு. பொட்டு இருந்த இடமே தெரியாது. நான் பாத்துக்கிடுதேன். சொன்ன பேச்சு சொன்னதுதான். கார்டு பெட்டியை நீங்க வச்சிக்கிடுங்க."

காபியோடு மேலே வந்த முத்துமாரி வாசலில் நின்றாள். காதில் விழுந்துவிட்டது. 'கொடுத்துருங்க' என்பதுபோல் தலையை அசைத்தாள். தன்னால் கெட்ட காரியம் எப்படியோ நேரானால் சரி என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

மாரிச்செல்வம் உம்மணாமூஞ்சியைப் பார்த்தார். பிதுங்கிய உதடு, அதற்குமேல் மற்றவற்றைவிடப் பெரிய பொட்டு. ஏன் இதற்கு மட்டும் பெரிதாக வைத்தாள் என்று நேற்றிலிருந்து கேட்க நினைத்திருந்தார். கேட்க வேண்டியதில்லை என்று இப்போது பட்டது. மழை நாளில் கண்ணாடியில் அவர் பார்க்கிற மூஞ்சி அதுதான். அதைச் சுரண்டச் சொல்லி எப்படிக் கொடுப்பது? பெட்டி இன்றில்லாவிட்டால் நாளைக்குக் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். இவள் அந்த வாழையிலையை இன்னொரு முறை விரிப்பாளா?

"பிரின்சு, தப்பா நினைக்காதீரு. இது கொடுக்கதுக்கில்ல."

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சுக்கிடுங்க. இந்தப் பெட்டி வேற ஒருத்தருக்குப் போயிட்டா…"

"யோசிச்சுட்டேன் வே. காபியைக் குடியும்."

பிரின்ஸ் காபியைக் குடித்தான். கார்டு பெட்டியை மறுபடியும் துண்டில் சுற்றினான். அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை மாரிச்செல்வம் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

முத்துமாரி இன்னும் வாசலிலேயே நின்றாள். "இதுக்காகவா இத்தனை வருசம் அலைஞ்சிய? கையில வந்ததைப் போயி…"

"அதை விடு. மறுபூசைக்கு நேரமாச்சில்லா? அந்த எலுமிச்சம்பழத்தை எடு."

அவள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். மாரிச்செல்வம் உம்மணாமூஞ்சியைத் தண்டவாளத்தில் ஏற்றிப் பின்னால் பெட்டிகளைக் கோத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முத்துமாரி பழத்தை அரிந்து, ஒரு பாதியைச் சக்கரத்துக்கு முன்னால் கவிழ்த்து வைத்தாள். அவர் திருகைத் திருப்பினார். இஞ்சின் பழத்தை முட்டியது, ஏறப் பார்த்தது, வழுக்கிச் சரிந்தது. எடுத்து நேராக வைத்தார். மறுபடியும் அதே கதை. பிதுக்கிய உதட்டோடு அது பழத்தோடு சண்டை பிடிப்பதைப் பார்த்து முத்துமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரி, சிரி. ஆனா நின்னு பாத்தா ஏறாது. கையை வச்சு மேல அழுத்து."

"நானா?"

"பின்ன யாரு?"

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை இஞ்சின் முதுகில் வைத்தாள். அவர் திருகைத் திருப்பினார். மோட்டார் முனகியது. காயில் கட்டுகிறவர் காதுக்கு அந்த முனகல் தாங்கவில்லை.

"மெதுவாட்டி, மோட்டார் கரிஞ்சிரும்!"

முத்துமாரி கையை எடுக்கவில்லை. "கரிஞ்சா என்ன? காயில் கட்டத் தெரியாத ஆளா நீங்க?"

மாரிச்செல்வம் திருகைக் கடைசிவரை திருப்பினார்.